தேதி இல்லாத சாவு

ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கிற அந்தச் சில நொடிகள்தான் ஜாய்ஸுக்குத் தன் வேலையிலேயே பிடித்த நேரம். தேடி வந்த ஆளே வந்து கதவைத் திறக்கலாம். திறந்த கதவுக்குள், சுவரில் மாலை போட்ட படமாக அந்த ஆள் இருக்கலாம். இரண்டும் இல்லாமல், புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, "அப்டி யாரும் இங்க இல்லியே" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். மூன்றாவதுதான் அவளுக்கு ஆகாது. படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மனசு கனக்கும், ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரும். சாத்திய கதவு தூங்கவிடாது.

கருங்குழிக்காரி அவள். அப்பா தேவசகாயம் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பிற்பாடு மதுராந்தகத்தில் அரிசி மில் ஒன்றில் நிலையான வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் செங்கல்பட்டுக் கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டு, 1994-ல் பட்டணத்தில் ஒரு புற்றுநோய்ப் பதிவகத்தில் கள ஊழியராகச் சேர்ந்தாள். நகரத்தில் யாருக்குப் புற்றுநோய் கண்டாலும், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், விவரம் அங்கே வந்து சேரும். வந்து சேர்ந்த பிறகு ஐந்து வருஷம் கழித்து அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த அலுவலகம் அப்போது கையில் எடுத்திருந்த வேலை.

சேர்ந்த புதிதில் ஜாய்ஸுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மருந்து கொடுக்கவில்லை, பணம் கொடுக்கவில்லை, இருக்கிறாயா போய்விட்டாயா என்று கேட்பதற்கு ஒரு ஆளா?

பதிவகத்தில் கணக்குகளைப் பார்த்துக்கொண்டவர் ராமானுஜம். ஒல்லியான மனிதர், எப்போதும் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டு. அவரிடமே கேட்டுவிட்டாள்.

"செத்தவங்களுக்கு கார்ப்பரேஷன்ல ஒரு பதிவு இருக்கும்மா," என்றார் அவர். "உயிரோட இருக்கறவங்க எந்த ஆபீசுக்குப் போய் ‘நான் இருக்கேன்’னு பதியறாங்க? நாமதான் போய்ப் பாக்கணும்."

"பாக்க முடியலேன்னா சார்?"

"அதான் பிரச்சினை. காணாமப் போனவங்க எல்லாரும் செத்துட்டாங்கன்னு வெச்சா ஒரு விடை வரும். எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு வெச்சா வேற விடை. ரெண்டும் பொய். நிஜம் நடுவுல எங்கயோ இருக்கு. எங்கன்னு தெரியலையே!" சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தெரியவில்லை என்பதைச் சொல்லும்போது இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரை ஜாய்ஸ் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவளுக்கும் அந்த நமைச்சல் ஒட்டிக்கொண்டது.

நகரத்தை விட்டுத் தெற்கே போனவர்களை எல்லாம் அவளிடம் கொடுத்தார்கள். ரயிலும் பஸ்ஸும் பழக்கமான பக்கம்; பேச்சும் பழக்கமான பேச்சு. 1996-ல் அப்படிக் கொடுக்கப்பட்டவள்தான் அமிர்தவல்லி. வியாசர்பாடியில் குடிசை. 91-ல், முப்பத்தெட்டு வயதில், கர்ப்பப்பை வாயில் புற்று. கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, வைத்தியம் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் மறுபரிசோதனைக்கு வரவே இல்லை. இறப்புப் பதிவிலும் பெயர் இல்லை.

ஜாய்ஸ் போய்ப் பார்த்தபோது அந்தக் குடிசை வரிசையே இல்லை. அந்த இடத்தில் பாதிக் கட்டின மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. முனையில் மளிகைக்கடை வைத்திருந்த முனிசாமி மட்டும் பழைய ஆள். "பக்தவத்சலம் சம்சாரமா? அவன் செங்கல்பட்டுக்குப் பூட்டாம்மா. ரயில்வே கூட்ஸ் ஷெட்ல மூட்ட தூக்கறான்னு கேள்வி," என்றார்.

செங்கல்பட்டு என்றதும் ஜாய்ஸுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழிதானே. அடுத்த வாரமே கூட்ஸ் ஷெட்டில் விசாரித்து, தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் இருந்த அவன் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் வேறு ஒரு பெண். முப்பது வயது இருக்கும். உள்ளே பக்தவத்சலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது பதிவகத்தின் முதல் விதி. "அமிர்தவல்லி அம்மாவப் பாக்கணும். ஆஸ்பத்திரிலேர்ந்து நலம் விசாரிக்க அனுப்பினாங்க," என்றாள் ஜாய்ஸ்.

அவன் கை சோற்றிலேயே நின்றது. "அவ செத்துப் பூட்டாம்மா."

"ஐயோ. எப்போண்ணே?"

"அது ஆச்சு, ரொம்ப நாளு."

"எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கா? மாசம் தெரிஞ்சாக்கூடப் போதும்."

"இன்னாமா நீ, செத்தவள பத்தி இவ்ளோ கேள்வி கேக்கற? பூட்டா, அவ்ளோதான். எழுதிக்க."

ஜாய்ஸ் எழுதிக்கொள்ளவில்லை. தேதி இல்லாமல் இறந்தார் என்று எழுதினால் ராமானுஜம் சார் ஏற்க மாட்டார். எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார் என்பதுதான் கணக்கே; தேதி தெரியாத சாவை அதில் எந்த இடத்தில் வைப்பது? அது போகட்டும், அவளுடைய கண் வேறொன்றைத் தேடியது. சுவரில் முருகன் காலண்டர் இருந்தது, அவன் அப்பா அம்மாவின் படம் மாலையோடு இருந்தது. அமிர்தவல்லியின் படம் எங்கேயும் இல்லை.

தெருமுனை வரை வந்திருப்பாள். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். கதவைத் திறந்த பெண்.

"எம்பேரு காசியம்மா," என்றாள் மூச்சு வாங்க. "நான் அவருக்கு ரெண்டாந்தாரம். நீ தேதி கேட்டியே, நானும் அதத்தான் கேட்டுகினு கீறேன். வாயே தொறக்க மாட்டாரு. ஒரு வருஷங்கூடத் திதி குடுத்தது இல்ல. செத்துட்டவளுக்கு ஒரு வௌக்கு ஏத்தலாம்னாக்கூட என்னிக்கு ஏத்தறது, சொல்லு?"

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா அக்கா?"

"கடப்பாக்கத்துல அக்காக்காரி ஒருத்தி. சந்திரம்மா. மீனு யாவாரம்." காசியம்மாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஜாய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருவேள... உசுரோட இருந்தா எனுக்கு வந்து சொல்வியா?"

அந்தக் கேள்வி பயத்தில் வந்தது என்று ஜாய்ஸுக்குத் தெரிந்தது. முதல் தாரம் உயிரோடு இருந்தால் இவள் யார்? கையை விடுவித்துக்கொள்ளாமலே ஜாய்ஸ் சொன்னாள்: "சொல்ல முடியாதுக்கா. இருந்தாலும் சொல்ல முடியாது, இல்லேன்னாலும் சொல்ல முடியாது. கோச்சுக்காதீங்க."

மதுராந்தகத்தில் பஸ் மாறி, செய்யூர் தாண்டி, உப்பளங்களைத் தாண்டிக் கடப்பாக்கத்தில் இறங்கினபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சந்திரம்மா வீடு எது என்று கேட்டாள். "யாரு, டைலர் வூடா?" என்று கேட்டுக் கைகாட்டினார்கள். ஆலம்பரை கோட்டைக்குப் போகிற வழியில் ஓடு போட்ட வீடு. முன் அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பூப்போட்ட நைட்டித் துணி. இரண்டு பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மெஷினில் இருந்தவள் நல்ல வாட்டசாட்டமாக, வெற்றிலை போட்ட வாயோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா?"

மற்ற இரண்டு பேர் இருக்கும்போது எப்படிக் கேட்பது? "ஜாக்கெட் தைக்கணும்," என்றாள்.

"துணி?"

"துணி... அடுத்த வாரம் எடுத்துட்டு வரேன். இப்ப அளவு மட்டும் எடுத்துக்கறீங்களா?"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். டைலர் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் வரச் சொன்னாள். தோளை அளக்கும்போது ஜாய்ஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, நீங்க அமிர்தவல்லியா? வியாசர்பாடி?"

டேப் அப்படியே நின்றது.

"உன்ன யாரு அனுப்பினது? அவரா?"

"இல்லக்கா. ஆஸ்பத்திரில பதிவு ஆபீஸ். உங்களுக்குக் கரண்ட் வெச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. எப்படி இருக்கீங்கன்னு பாக்க வந்தேன். வேற எதுவும் இல்ல. அவர் நீங்க... போயிட்டதா சொன்னாரு."

அமிர்தவல்லி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் இருந்தது.

"நல்லதாப் போச்சு. அப்டியே இருக்கட்டும்," என்றாள்.

அளவெடுக்கிற சாக்கில் அவள் சொன்னது இவ்வளவுதான். கரண்ட் வைத்து முடிந்து வீட்டுக்குப் போன அன்றைக்கு, தட்டு, டம்ளர், பாய் எல்லாம் அவளுக்குத் தனியாக வாசலில் வைக்கப்பட்டிருந்தன. ஒட்டிக்கும் என்று மாமியார் சொன்னாளாம். பக்தவத்சலம் அதற்குப் பதில் பேசவில்லை, அவளையும் பார்க்கவில்லை. எப்படியும் சில மாதம்தானே என்று எல்லோருடைய முகத்திலும் எழுதியிருந்தது. அந்த முகங்களுக்கு நடுவே சாக வேண்டாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தாள். சாவதற்காகத்தான் வந்தாள். ஆனால் சாகவில்லை. ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. சும்மா உட்கார்ந்திருக்க அலுத்துப்போய் மெஷின் வாங்கினாள்.

"இங்க யாருக்கும் எனுக்கு இன்னா வந்துச்சுன்னு தெரியாது. எங்கக்காவுக்கு மட்டுந்தான். நீ வாயத் தொறந்துடாத."

"என் வேலையே வாயத் தொறக்காம இருக்கறதுதான்க்கா."

"சரி, நான் இருக்கறது உங்க ஆபீசுக்கு எதுக்கு?"

ஜாய்ஸ் விளக்கினாள். அந்த வருஷம் நகரத்தில் இந்த நோய் வந்தவர்கள் அத்தனை பேரிலும் எத்தனை பேர் ஐந்து வருஷம் தாண்டியும் இருக்கிறார்கள் என்று பார்க்கிறோம் என்றாள். அமிர்தவல்லியின் முகம் மாறியது. டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "எத்தினி பேரு?"

"இன்னும் எண்ணி முடிக்கலக்கா."

"முடிச்சா வந்து சொல்லு."

இத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறாள். விடை என்ன என்று திருப்பிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். ஜாய்ஸ் சொல்கிறேன் என்றாள்.

கிளம்பும்போது அமிர்தவல்லி வாசல் வரை வந்தாள். தன்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். அக்கா பேரை யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளே யோசித்து, "அந்தாளு இன்னொருத்தியக் கட்டினு கீறாரா?" என்றாள். ஜாய்ஸ் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. "அந்தப் பொண்ணு பயந்துகினு இருக்கும், பாவம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கறேன்." அடுத்த மாதம் சந்திரம்மா செங்கல்பட்டுக்கு மீன் கொண்டுபோன சாக்கில் காசியம்மாளைப் பார்த்து, தங்கச்சிக்கு அந்த வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஜாய்ஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். அதற்கு அவள் வேலையில் இடமில்லை.

ஆபீஸ் கணக்கில் அமிர்தவல்லி உயிரோடிருப்பவர்கள் பக்கம் போனாள். விடை எவ்வளவு நகர்ந்தது என்று ஜாய்ஸ் ஆவலோடு கேட்டாள். ராமானுஜம் கணக்கிட்டுக் காட்டினார். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏதோ ஒரு எண் லேசாக அசைந்திருந்தது.

"இவ்ளோதானா சார்?"

"ஒருத்தரால இவ்ளோதான். ஆனா அந்த ஆள் சொன்னத நம்பி நீ எழுதியிருந்தா, அது எதிர்ப்பக்கம் அசைஞ்சிருக்கும். இன்னும் காணாதவங்க இருக்காங்களே, போம்மா."

போனாள். சிங்கப்பெருமாள் கோயில், திருப்போரூர், மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துகள். இறந்துவிட்டார்கள் என்று ஊரே சொன்ன ஆட்கள் வெளியே வந்து தண்ணீர் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்ன ஆட்கள் படமாகியிருந்தார்கள். ஆளைப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று அந்த வருஷங்களில் பழகிப்போனது.

இதற்கு நடுவில் வீட்டில் கல்யாணப் பேச்சு. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அவள் வேலையைக் கேட்டதும் காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவன் ஜெரோம். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். தனியாகப் பேசச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "நீங்க போய்த் தட்டற வூட்ல எத்தினி பேரு அவங்களே வந்து தொறக்கறாங்க?"

ஜாய்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"பத்துக்கு ஒண்ணு?"

"அதவிட ரொம்ப அதிகம்," என்றாள். அவன் வாய் பிளந்த விதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. 97-ல் கருங்குழி தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது.

எண்ணி முடித்து, சரிபார்த்து, எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டபோது 1999 ஆகியிருந்தது. வெளியான எண்ணை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெரோமின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடப்பாக்கம் போனாள். இந்த முறை ஜாக்கெட் துணியும் கையில் இருந்தது.

அமிர்தவல்லி மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஜெரோம் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாசூக்காக நகர்ந்துவிட்டான்.

"நூத்துல பாதிக்கு மேல இருக்காங்கக்கா," என்றாள் ஜாய்ஸ். "உங்க நோய் வந்தவங்கள்ல, அஞ்சு வருஷம் கழிச்சு, பாதிக்கும் மேல."

அமிர்தவல்லி அவளை நம்பாதவள் போலப் பார்த்தாள். "நான் மட்டுந்தான்னு நெனச்சுகினு இருந்தேன். ஏதோ தப்பிப் பொழச்சிட்டேன், எமன் அட்ரஸ் மாறிப் பூட்டான்னு."

"இல்லக்கா. நெறைய பேர் இருக்கீங்க."

"அந்த வார்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "அந்த வார்டுல பொம்பளைங்க எல்லாம் அழுதுகினே இருப்போம். யாரும் ஒண்ணும் சொல்லல. பாதிப் பேரு பொழைப்பாங்கன்னு யாராச்சும் சொல்லியிருந்தா, பாதி நேரமாவது அழாம இருந்திருப்போம்."

ஜாய்ஸ் வாயைத் திறப்பதற்குள் அமிர்தவல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "மீதி பாதி ஏன் பொழைக்கல?"

"பல காரணம் இருக்கும்க்கா. ஆனா ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியுது. சீக்கிரமா ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க அதிகமாப் பொழச்சிருக்காங்க. முத்திப்போய் வந்தவங்கதான்..."

"நான் சீக்கிரமா போனேனா?"

"கொஞ்சம் சீக்கிரம்தான்."

"அப்ப எக்ஸ்போர்ட் கம்பெனில தெச்சுகினு இருந்தேன். ரத்தம் பட்டுத் துணி கறையாச்சுன்னு சூப்பர்வைசரம்மா திட்டி அனுப்பிச்சுச்சு, போய்ப் பாருன்னு. அது திட்டலேன்னா நான் போயிருக்கவே மாட்டேன்." கீழே கிடந்த நூலைப் பொறுக்கி விரலில் சுற்றினாள். "இங்க தைக்க வர்றவளுங்க அளவு குடுக்கும்போது சொல்வாளுங்க. நாளு தப்பி ரத்தம் போவுது, முதுகு வலிக்குதுன்னு. நான் ஊம் ஊம்னு கேட்டுகினு இருப்பேன். போய்ப் பாருடின்னு சொன்னா உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாளே, அந்த பயம்."

அதற்கு மேல் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தாள், கழுத்து இறக்கம் எவ்வளவு என்று கேட்டாள். ஜெரோம் திரும்பி வந்ததும் மீன் குழம்பு ஊற்றி இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

2002-ல் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கான பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பதிவகத்திலிருந்து உதவிக்கு ஆள் கேட்டபோது, கடப்பாக்கம் என்றதும் ஜாய்ஸ் தானாகவே கை தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கி மறைப்புக் கட்டியிருந்தார்கள். பெண்கள் நிறையவே வந்திருந்தார்கள், ரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள் என்று. நர்ஸம்மா கர்ப்பப்பைப் பரிசோதனை பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். அடுப்பில் உலை, படகு வரும் நேரம், மாமியாருக்கு முடியலை.

"வந்துட்டா வந்துட்டதுதான். அது தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது? செத்துப்போறதத் தேதி வெச்சுத் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள் வாசல்வரை போய்விட்ட ஒருத்தி.

"நில்லுடி."

அமிர்தவல்லி. கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். ஜாய்ஸை ஒருமுறை பார்த்தாள். ஜாய்ஸ் அசையவில்லை, தான் தலையாட்டவோ தடுக்கவோ வேண்டிய விஷயம் இது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எனுக்கு வந்துச்சு," என்றாள் அமிர்தவல்லி. "அதே எடத்துல, அதே நோவு. பட்டணத்துல கரண்ட் வெச்சாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. உங்க அத்தினி பேரு ஜாக்கெட்டும் அதுக்கப்புறம் நான் தெச்சதுதான். எவளுக்காவது ஒட்டிக்கிச்சா?"

யாராவது ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாளோ என்று ஜாய்ஸுக்குப் பயம். பக்கத்து வரிசையில் ஒருத்தி உண்மையிலேயே நகர்ந்தாள். அமிர்தவல்லி பக்கமாக நகர்ந்து, அவள் முழங்கையைப் பிடித்து, பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கரண்டுன்னா எப்டி அமிர்தம்? ஷாக் அடிக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் அடிக்காது. மெஷினுக்குக் கீழ படுக்க வெப்பாங்க. எரியும், அது அப்பால."

"தலமுடி கொட்டுச்சா?"

"என் முடியப் பாத்தா கொட்டினா மாதிரியா கீது?"

சிரிப்பு எழுந்தது. வாசலில் இருந்தவள் திரும்பி வந்தாள். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய், சோறு இறங்கியதா, புருஷன் என்ன சொன்னான், ஏன் இத்தனை நாள் எங்களிடம் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் அமிர்தவல்லி, "சொன்னா ப்ளவுஸ் தைக்கக் குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னுதான்," என்று முணுமுணுத்தாள். நர்ஸம்மா மறைப்பை விலக்கி, முதலில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். சந்திரம்மா மீன்கூடையை மூலையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே, அவளை அழைத்துப்போக வந்த ஜெரோம் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தான். உள்ளே ஒரு இளம்பெண் அமிர்தவல்லியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஜாய்ஸ் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று ஜெரோமுக்குச் சைகை செய்தாள். பிறகு பெஞ்சை இழுத்துப்போட்டு அந்தப் பெண்களோடு உட்கார்ந்தாள்.